ஜாஸ்தி விலை குடுத்து பழைய சைக்கிள வாங்கிட்டீங்களா, மொதல்ல அந்த பெயின்ட் டப்பாவ கீழ வைங்க

போன ஆடி மாசம் 26,000 ரூவா குடுத்து ஒரு ராலி சைக்கிள் வாங்குனேன். 1948 மாடல், இங்கிலாந்துலேர்ந்து கப்பல்ல வந்தது, பழைய கர்ணம் வீட்டு வண்டி, மூணு கியரு, தோல் சீட்டு, எல்லாம் ஒரிஜினல்னு விக்கிறவர் சொன்னாரு. பழைய சாமான் வாங்கி விக்கிறதே அவருக்கு தொழில், ஊரு பேரு வேணாம், நம்ம ஜில்லாதான். குட்டியானைக்கு 900 ரூவா வாடகை தனியா குடுத்து மதுரை பழங்காநத்தத்துல எங்க வீட்டு வாசல்ல இறக்குனா, எங்க வீட்டம்மா ஒரு சுத்து சுத்தி வந்து பாத்துட்டு "ஏங்க, எடைக்கு போட்டா எம்புட்டு தருவான்?"னு கேட்டுச்சு. அப்ப கோவம் வந்துச்சு. பெறகு யோசிச்சா அதுதான் முக்கியமான கேள்வி, கீழ வர்றேன்.

இது மாதிரி மாட்டிக்கிட்டவங்க ஒருத்தர் ரெண்டு பேரு இல்ல, எனக்கு தெரிஞ்சே நாலு பேரு இருக்காங்க, அதனாலதான் எழுதுறேன். நாலு பேரும் பண்ண தப்பு ஒன்னுதான். ஏமாந்துட்டோம்னு தெரிஞ்ச உடனே அந்த பணத்த எப்படியாச்சும் ஈடு கட்டணும்னு இன்னும் பணத்த போட்டாங்க. பெயின்ட்டு, குரோமு, புது சீட்டு, கடைசில 26,000 சைக்கிளுன்னா 38,000 ஆயிரும், விக்கப் போனா மொதல்ல கேட்ட வெலையவிட கம்மியா கேக்குறாங்க. பழைய வண்டிக்கு மேல இருக்குற பழைய பெயின்ட்டு, தங்கக் கலர்ல மெல்லிசா இழுத்திருப்பாங்கள்ல அந்த கோடு, பாதி அழிஞ்ச ஸ்டிக்கரு, அதுக்கெல்லாம்தான் சேத்து வைக்கிறவன் காசு குடுக்குறான். துருப்பிடிச்சிருந்தாலும் சரி. அத சுரண்டி பவுடர் கோட்டிங் அடிச்சிட்டா திருப்பி கொண்டு வர முடியாது. அதனால மொத ஒரு வாரம் வண்டிய தொடாதீங்க, துணிய போட்டு மூடி வைங்க. மண்ணெண்ணெயும் துணியும் மட்டும் போதும், அதுவும் எந்த எடத்துலன்னு சொல்றேன்.

மொதல் வேலை, என்ன வாங்கிருக்கோம்னு தெரிஞ்சிக்கிறது. நான் மகபூப்பாளையம் பக்கம் ஒரு பாய் கடைக்கு தள்ளிக்கிட்டு போனேன், அறுபது வயசுக்கு மேல இருக்கும், வாடகை சைக்கிள் காலத்துலேர்ந்து கடை வச்சிருக்காரு. முன்னாடி பேட்ஜ்ல கொக்கு படம் போட்டு நாட்டிங்ஹாம் இங்கிலாந்துன்னு பளபளன்னு இருந்துச்சு, அத பெருமையா காட்டுனா மனுஷன் அத ஏறெடுத்தே பாக்கல. நேரா பின் சக்கரத்துகிட்ட உக்காந்து பனியன் துணிய மண்ணெண்ணெய்ல நனைச்சு, சக்கரத்துக்கு நடுவுல இருக்குற ஹப்ப சுத்தி சுத்தி தொடச்சாரு. அம்பது வருஷ அழுக்கு, கருப்பு களிம்பா வந்துச்சு. அதுக்குள்ளேர்ந்து மொதல்ல ஸ்டர்மி ஆர்ச்சர்னு எழுத்து, அப்பறம் ஏ டபிள்யூ, அதுக்கப்பறம் 56ன்னு ஒரு நம்பரு, பக்கத்துலயே 7. "56 வருஷம், 7 மாசம். 1956 ஜூலை. உங்காளு என்ன சொன்னாரு தம்பி, 48ஆ?"ன்னு கேட்டுட்டு பீடிய பத்த வச்சாரு.

ஸ்டர்மி ஆர்ச்சர் மூணு கியரு ஹப்புல இது ஒரு வசதி, செஞ்ச வருஷமும் மாசமும் ஹப்பு மேலயே அடிச்சிருப்பாங்க. ஏ டபிள்யூ மாடலே 1936லதான் வந்துச்சு, அதனால ஏ டபிள்யூ ஹப்பு போட்ட வண்டிய 1920 மாடல்னு ஒருத்தர் வித்தா அங்கயே கெளம்பிரலாம். ஆனா ஹப்பு தேதி வண்டி தேதி ஆகாது. சக்கரத்த மாத்திருப்பாங்க, அது சகஜம். அதனால அடுத்தது பிரேம பாக்கணும்.

பேட்ஜ் எப்படி அடிச்சிருக்குன்னு பாருங்க. பழைய பேட்ஜ சின்ன சின்ன ஆணி மாதிரி ரிவெட்டுல அடிச்சிருப்பாங்க. என்னோடதுல நடுவுல ஓட்டையோட அலுமினிய பாப் ரிவெட்டு, நம்ம ஜன்னல் கதவுக்கு அடிப்பாங்கள்ல அதே. பாய் ஒரு ஸ்க்ரூ டிரைவர் வச்சு லேசா நெம்பி எடுத்தாரு, கீழ பாத்தா வேற அளவுல ரெண்டு ஓட்டை, எம்சீல் வச்சு அடைச்சு மேல கருப்பு பெயின்ட்டு. வேற ஏதோ கம்பெனி பேட்ஜ் இருந்த எடம் அது. சரி, ஒருவேளை ரிப்பேருக்கு கழட்டி மாட்டிருப்பாங்களோன்னு நான் இன்னும் நம்பிக்கையோட கேட்டேன். அவரு ஹேண்டில்பார் கழட்டி, முன் சக்கரத்த புடிச்சிருக்குற போர்க்கோட மேல் மரைய காட்டுனாரு. நாட்டிங்ஹாம் ராலில மரை இஞ்சுக்கு 26, மத்த கம்பெனி பெரும்பாலும் இஞ்சுக்கு 24. ஸ்கேல வச்சு அரை இஞ்சுல எண்ணுங்க, 13 வந்தா ராலி, 12 வந்தா வேற. எனக்கு 12. போர்க்கு மட்டும் மாத்திருக்கலாம்ல, அதனால பிரேமுக்கு அடியில ரெண்டு கிராங்கும் மாட்டுற அச்சு எடத்து மரையையும் பாத்தாரு, அதுவும் 24தான். ஆக பிரேமு நாட்டிங்ஹாம் இல்ல, உள்ளூர்தான்னு பாய் சொல்லிட்டாரு, ஹப்பும் சீட்டும் மட்டும் இங்கிலாந்து. கல்யாணத்துக்கு எரவல் நகை போட்ட மாதிரி.

இதுல ஒரு விஷயம், உள்ளூர் பிரேம்னு தெரிஞ்சா கேவலம்னு நெனைக்காதீங்க. நம்ம பக்கம் கெடைக்கிற பழைய வண்டில முக்காவாசி இங்க செஞ்சதுதான். அம்பத்தூர்ல டிஐ சைக்கிள்ஸ் 1949ல ஆரம்பிச்ச கம்பெனி, ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ, பிலிப்ஸ் எல்லாம் அங்கேர்ந்துதான் நம்ம அப்பா தாத்தா கைக்கு வந்துச்சு. ராலியவே வங்காளத்துல அசன்சோல்ல சென் ராலின்னு செஞ்சாங்க. நல்ல கண்டிஷன்ல பழைய அம்பத்தூர் ஹெர்குலிஸ்க்கு ஆளு இருக்கு. பிரச்சனை வண்டிட்ட இல்ல, சொன்ன பொய்யிலயும் போட்ட விலையிலயும்தான்.

பிரேம் எந்த ஊருன்னு பாத்தாச்சு, அடுத்து நேரா இருக்கான்னு பாக்கணும். ஒரு நூல பின் சக்கரம் மாட்டுற எடத்துல ஒரு பக்கம் கட்டி, முன்னாடி ஹேண்டில் குழாய சுத்தி கொண்டு வந்து, பின்னாடி அடுத்த பக்கம் கட்டுங்க. நூலுக்கும் சீட்டு குழாய்க்கும் நடுவுல ரெண்டு பக்கமும் ஒரே எடவெளி இருக்கணும். வித்தியாசம் இருந்தா எங்கயோ மோதி கோணிருக்கு. பாருக்கு கீழ, ஹேண்டில் குழாய் ஒட்டுற எடத்துல வெரல வச்சு தடவுங்க, பெயின்ட்டு சுருங்குன மாதிரி மடிப்பு தட்டுப்பட்டா அதுவும் மோதுன வண்டி. ஜாயின்ட்ல பித்தளை வெல்டிங் இருந்தா பரவால்ல, கரண்ட் வெல்டிங் மேடு மேடா இருந்தா அந்த பிரேம்க்கு இரும்பு விலைதான்.

சீட்ட மறக்காதீங்க. புரூக்ஸ்னு இங்கிலாந்து சீட்டு கம்பெனி பேர் குத்திருந்தா, தோலு ரிவெட்ட சுத்தி கிழியாம இருந்தா, அது மட்டுமே ஒரு காசு. நம்மாளுங்க நல்லது பண்றோம்னு அதுல தேங்காய் எண்ணெய ஊத்தி ஊற வைப்பாங்க, தோலு தொட்டில் மாதிரி தொங்கிரும். ஊத்தாதீங்க. முன் சக்கரத்துல பெருசா டப்பா மாதிரி ஹப்பு இருந்தா அது டைனோஹப்பு, சக்கரம் சுத்துனா அதுவே லைட்டுக்கு கரண்ட் தரும். அத ஆர்வக்கோளாறுல பிரிச்சு காந்தத்த வெளிய எடுத்துட்டீங்கன்னா காந்த சக்தி கொறஞ்சிரும், அப்பறம் லைட்டு மின்மினிப்பூச்சிதான். மெக்கானிக்கே பிரிக்கிறேன்னு சொன்னாலும் தெரிஞ்சவரான்னு கேட்டுட்டு விடுங்க.

இப்ப விலை. இங்கதான் எங்க வீட்டம்மா கேள்வி வருது. ராடு பிரேக் வண்டி, அதாவது கேபிள் இல்லாம கம்பில பிரேக் புடிக்கிற பழைய மாதிரி வண்டி, ஒன்னு ஏறக்குறைய 20 கிலோ வரும், பழைய இரும்பு கடைல நான் கேட்டப்ப கிலோ 28 ரூவா சொன்னாங்க, ஆக 560 ரூவா. அது தரை. கூரை எதுன்னு தெரியணும்னா நெட்ல "விலை 45,000"னு போட்டு ரெண்டு வருஷமா விக்காம கெடக்குற விளம்பரத்த பாக்காதீங்க, அது கேக்குற விலை, போன விலை இல்ல. ஞாயித்துக்கிழமை காலைல திலகர் திடல் சந்தைக்கு போங்க, வாங்குற மாதிரி நாலு பேர்ட்ட பேசுங்க, விக்கிற மாதிரி நாலு பேர்ட்ட பேசுங்க, ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ ஒரு நம்பர் நிக்கும். காரைக்குடி பக்கம் போற வேலை இருந்தா முனீஸ்வரன் கோயில் தெருல பழம்பொருள் கடைங்க இருக்கு, அங்கயும் போட்டோ காட்டி கேளுங்க, வாங்க மாட்டாங்க ஆனா மூஞ்சிய பாத்தே தெரிஞ்சிரும். எனக்கு இப்படி சுத்துனதுல ஹப்பு 3,500, சீட்டு 3,000, மிச்சம் வண்டி ஓடுற கண்டிஷன்ல 5,000, ஆக மொத்தம் பதினொன்னு பன்னெண்டாயிரம்னு வந்துச்சு. புது ராடு பிரேக் சைக்கிளே ஆறேழு ஆயிரத்துக்கு கெடைக்கிது. 26,000 குடுத்த நான் அன்னைக்கு ராத்திரி சாப்பிடல, அது வேற விஷயம்.

விலை தெரிஞ்சப்பறம் வித்தவர்ட்ட போங்க, அதுக்கு முன்னாடி போகாதீங்க. போன்ல கத்தாதீங்க, கத்துனா பிளாக் பண்ணிருவாரு. எனக்கு அவரு அனுப்புன வாய்ஸ் மெசேஜ் இருந்துச்சு, "1948, இங்கிலாந்து, எல்லாம் ஒரிஜினல்"னு அவரு குரல்லயே, ஜிபே பண்ணதுக்கு ரெக்கார்டும் இருந்துச்சு. நேர்ல போயி, ஹப்பு நம்பர் போட்டோ, பேட்ஜுக்கு கீழ இருந்த எம்சீல் போட்டோ ரெண்டையும் காட்டி, "அண்ணே, உங்களுக்கும் தெரியாம எவனோ உங்க தலைல கட்டிருப்பான்"னு ஆரம்பிச்சேன். அவருக்கு தெரியும்னு எனக்கு தெரியும், எனக்கு தெரியும்னு அவருக்கும் தெரியும், ஆனா கவுரவமா எறங்கி வர ஒரு படி போட்டு குடுக்கணும்ல. மொதல்ல "பழைய பொருளுக்கு ரிட்டன் கிடையாது தம்பி"ன்னாரு, அப்பறம் வேற வண்டி எடுத்துக்கன்னாரு, டீ வந்துச்சு, ரெண்டாவது டீயும் வந்துச்சு, கடைசில 5,000 திருப்பி குடுத்து ஒரு பழைய மில்லர் லைட்டையும் கைல குடுத்தாரு. முழுசா வரல. ஆனா வந்துச்சு.

எறங்கி வரலன்னா? வித்தவரு கடை வச்சு யாவாரம் பண்றவரா இருந்தா நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் 2019 உங்களுக்கு உண்டு. 1915க்கு போன் பண்ணி புகார் பதியலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போட ரெண்டு வருஷம் டைம் இருக்கு, பொருள் விலை 5 லட்சம் வரைக்கும் பீஸ் கிடையாது. ஆனா ஒன்ன புரிஞ்சிக்கங்க, "ஜாஸ்தி விலை வச்சான்"ங்கிறது கேஸ் ஆகாது, நீங்கதான் சம்மதிச்சு குடுத்தீங்க. "1948 இங்கிலாந்துன்னு சொல்லி வேறத குடுத்தான்"ங்கிறதுதான் கேஸ். அதனால அவரு சொன்னது எழுத்துலயோ குரல்லயோ இருக்கணும். பக்கத்து தெருக்காரர் தன் வீட்டு சைக்கிள வித்திருந்தா இந்த ஆணையத்துக்கு போக முடியாது, அவரு யாவாரி இல்ல. அங்க பேச்சுதான்.

கெடைச்சது கெடைச்சுது, இப்ப வண்டி உங்க வாசல்ல நிக்கிது. இந்த எடத்துல 26,000ங்கிற நம்பர மறக்கணும், கஷ்டம்தான், ஆனா அது போயிருச்சு, வண்டிய வச்சிருந்தாலும் வராது, வித்தாலும் வராது. பாய் என்ட்ட கேட்ட கேள்வி இதுதான்: "இப்ப உன் பையில 12,000 இருக்கு, இந்த வண்டி என் கடைல நிக்கிது, உள்ளூர் பிரேம், இங்கிலாந்து ஹப்பு, எல்லாம் உண்மைய சொல்லித்தான் விக்கிறேன். வாங்குவியா?" இத நீங்களே கேட்டு பாருங்க. ச்சீ வேணாம்னு தோணுனா உடனே வித்துருங்க. வாங்குவேன்னு தோணுனா வச்சிக்கங்க. தெரியலன்னா ஒரு மாசம் ஓட்டி பாருங்க, ஓட்டாம முடிவு எடுக்காதீங்க.

விக்கிறதுன்னா இருக்கிற மாதிரியே வித்துருங்க, ஒரு பைசா செலவு பண்ணாம, காத்து மட்டும் அடிச்சு. எது ஒரிஜினல், எது மாத்துனதுன்னு எழுதி போடுங்க, ஹப்பு நம்பர் போட்டோவ மொத படமா போடுங்க. உண்மைய சொன்னா கம்மியா போகும்னு நெனைப்பீங்க, தெரிஞ்சவன் வர்றதே அந்த போட்டோவ பாத்துட்டுதான். நம்மள ஒருத்தன் ஏமாத்திட்டான்னு நாம இன்னொருத்தன ஏமாத்துனா, மதுரை சின்ன ஊருங்க, திலகர் திடல்ல மூணே வாரத்துல தெரிஞ்சிரும்.

பிரிச்சு விக்கிறது, அதாவது ஹப்பு தனியா சீட்டு தனியா லைட்டு தனியா, கணக்கு பாத்தா கூட வர்ற மாதிரி தெரியும். பிரேம் கோணிருந்தா மட்டும் பண்ணுங்க. நல்ல வண்டிய பிரிச்சா மிச்சம் எலும்புக்கூடு மாடிப்படிக்கு கீழ வருஷக்கணக்கா கெடக்கும், வீட்ல தெனம் ஒரு பேச்சு. கல்யாண போட்டோ ஷூட்டுக்கு வாடகைக்கு விடலாம்னு சொல்றவங்களும் இருக்காங்க, எனக்கு ஒரே ஒரு தடவ 500 ரூவா வந்துச்சு, மாப்ள பொண்ண முன் பார்ல உக்கார வச்சு மட்கார்ட வளைச்சுட்டு போனாரு.

வச்சிக்கிறதுன்னா செலவுக்கு ஒரு கோடு போடுங்க. ஓடுறதுக்கும் நிக்கிறதுக்கும் வேண்டியத மட்டும் பண்ணுங்க, பளபளப்புக்கு எதுவும் வேணாம். 28 ஒன்றரை டயரு இன்னைக்கும் எந்த சைக்கிள் கடைலயும் கெடைக்கிது, டயர் டியூப், பிரேக் கட்டை, கியர் கேபிள், பால்ரசு மாத்தி ஒரு ஓவராயில், ரிம் கோட்டம் எடுத்து நாலஞ்சு போக்ஸ் கம்பி, எனக்கு எல்லாம் சேத்து 2,300 ஆச்சு. கிராங்க அச்சோட புடிச்சிருக்குற காட்டர் பின் வரலன்னா சுத்தியலால சும்மா போட்டு அடிக்க விடாதீங்க, ராத்திரி மண்ணெண்ணெய் விட்டு ஊற வச்சிட்டு, காலைல கிராங்குக்கு அடியில ஒரு இரும்பு பைப்ப முட்டு குடுத்து அடிக்கணும், இல்லன்னா அந்த அடி பூரா உள்ள பால்ரசு மேலதான் எறங்கும்.

மூணு கியரு ஹப்பு இருந்தா ஒரு எச்சரிக்கை. கேபிள் டைட்டு சரியா இல்லன்னா ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல எதுவும் புடிக்காத ஒரு எடம் இருக்கு, பெடலு திடீர்னு காத்துல சுத்தும். நான் தெற்குவாசல் பாலம் ஏறுறப்ப எந்திரிச்சு நின்னு மிதிச்சேன், வெடுக்குன்னு வழுக்கி பார்ல உக்காந்தேன், எங்கன்னு விளக்க வேணாம். சரி பண்றது சுலபம். லிவர ரெண்டாவது கியர்ல வைங்க, வலது பக்க அச்சு நட்டுல ஒரு சின்ன ஓட்ட இருக்கும், அது வழியா பாத்தா சின்ன சங்கிலியோட சேந்த ஒரு கம்பி தெரியும், அந்த கம்பியோட தோள்பட்டை மாதிரி இருக்கிற எடம் அச்சு முனைக்கு சரியா நேரா நிக்கணும். உள்ள இருந்தா கேபிள இறுக்குங்க, வெளிய இருந்தா தளத்துங்க. ஹப்பு மேல சின்ன மூடி இருக்கும், அதுல மாசத்துக்கு ஒரு ஸ்பூன் 20 நம்பர் ஆயில் விடுங்க, கிரீஸ் வேணாம், தேங்காய் எண்ணெய் வேணவே வேணாம்.

ஹேண்டிலுக்கு கீழ சைக்கிள் வரி கட்டுன பழைய வில்லை ஏதும் திருகி இருந்தா கழட்டாதீங்க, அது போயிருச்சுன்னா வண்டிக்கு ஊரே கெடையாது. என்னோடதுல ஒன்னு இருக்கு, பஞ்சாயத்து பேரு தேஞ்சுபோச்சு, வருஷம் மட்டும் 67-68ன்னு படிக்க முடியிது. அந்த வில்லைக்காகவே ஒருத்தர் 15,000க்கு கேட்டாரு, குடுக்கல, காலைல மாட்டுத்தாவணிக்கு காய் வாங்க அதுலதான் போறேன்.

போன வாரம் வித்தவரே போன் பண்ணாரு. "தம்பி, ஹம்பர் ஒன்னு வந்திருக்கு, முன் போர்க்கு பக்கத்துக்கு ரெண்டு ரெண்டு குழா, டூப்ளெக்ஸு, 1938, டாக்டர் வீட்டு வண்டி, உனக்காக வச்சிருக்கேன்"ன்னாரு. பின் ஹப்ப தொடச்சு நம்பர ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கண்ணேன்னேன். மண்ணெண்ணெய் கெடைக்கல போல, இன்னும் அனுப்பல.